ஐந்தாவது தம்பதி

3-4-1974, புதன்

ஐந்து தம்பதிகள் வேண்டும். நான்குதான் கிடைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை எல்லாம் புரொபசர் மேஜையில் இருக்க வேண்டும்.

படிவத்தைத் தமிழாக்கியவன் நான். முப்பத்திரண்டு கேள்விகள், பலவற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். கணவனும் மனைவியும் தனித்தனி இடத்தில் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. தனித்தனி உறையில் ஒட்டித் தர வேண்டும். அன்பைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் எண்ணத்துக்கும், வீட்டில் கஷ்டம் வந்தபோது இருவரும் நடந்துகொண்ட விதத்துக்கும் சம்பந்தம் உண்டா? இதுதான் ஆராய்ச்சி. புரொபசர் ஆங்கிலத்தில் சொல்லும்போது கம்பீரமாக இருக்கிறது. தமிழில் எழுதியதும் அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இன்று மந்தைவெளியில் சுந்தரராமன் வீடு. ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க். அவர் கூடத்தில், மாமி சமையலறையில். பத்தாவது கேள்விக்கு என்ன போட்டாய் என்று இங்கிருந்தே கத்தினார்.

"சொல்லப்படாதுன்னு இப்பத்தானே அந்தப் பிள்ளை சொல்லிண்டிருந்தது? காதுல விழலையா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நாப்பது வருஷமா இவ சொல்லாம விட்டது ஒண்ணு உண்டா ஓய்? இன்னிக்குன்னு பாத்து ரகசியமாம்!"

படியிறங்கும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். தெருமுனையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன்?

5-4-1974, வெள்ளி

மாமனார் வந்திருந்தார். தி. நகரில் ஜவுளிக்கடை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கள் போர்ஷனின் திரைத்துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, இது எந்த மில், கஜம் என்ன விலை என்றெல்லாம் மனதுக்குள் தீர்மானித்துக்கொள்வார்.

"மாப்ள, பாரதி மெலிஞ்சிட்டாளே. கோடைக்குத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க பெரியம்மா இருக்கா. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? நான் கேட்கவில்லை. பாரதி "சரிப்பா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கும் ஜெயபாரதிக்கும் திருமணமாகி இரண்டு வருஷம். பெரியவர்கள் பார்த்து வைத்ததுதான். முதல் மாதம் சாந்தோம் கடற்கரையில் உட்கார்ந்து அவளிடம் ஒரு சட்டம் சொன்னேன். நமக்குள் கேள்விகள் வேண்டாம். நன்றி, மன்னிப்பு வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்வது அன்பு இல்லை, கேட்காமலே புரிவதுதான். நிறையப் படித்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே மாலையில் அவள்மேல் கொட்டினேன்.

"எங்க கடையில கேள்வி கேக்காம ஒரு கைக்குட்டைகூட விக்க முடியாது" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்தாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

போன செப்டம்பரிலும் கேட்கவில்லை. ஏழாம் மாதம். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. மூன்று நாள் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாள். நான்காம் நாள் கண் திறந்து என்னைப் பார்த்தாள், வெகுநேரம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் பேசவில்லை. புரிந்துகொண்டோம்.

இத்தனை மாதமாக அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

6-4-1974, சனி

அடையாறில் ஒரு தம்பதி வருவதாகச் சொல்லி வரவில்லை. நாளை ஒரு நாள்தான் பாக்கி.

ஆய்வு செய்பவர்களின் சொந்த வீடு கூடாது என்பது விதி. ஆனால் படிவத்தில் பெயர் இல்லை, எண்தான். உறைகளைப் பிரித்து அட்டவணை போடுவதும் நான்தான்.

யாருக்குத் தெரியும்.

7-4-1974, ஞாயிறு

"இதுல என்ன எழுதணும்?" என்றாள் பாரதி.

"உனக்குத் தோணறதை."

"நீங்க பாப்பீங்களா?"

"மாட்டேன்." பொய். எந்தக் கணத்தில் அது பொய்யானது என்று இப்போதும் தெரியவில்லை. சொல்லும்போது உண்மையாகத்தான் இருந்தது.

அவள் சமையலறையில் முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். நான் முன்னறையில். எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அவளுக்கு ஒரு மணி நேரம். நடுவில் சாதம் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பில் எதையும் வழியவிடுகிறவள் இல்லை.

முடித்ததும் தாளைக் கடையில் புடவை மடிப்பதுபோல் மடித்தாள். ஓரம் ஓரத்தோடு, உள்ளங்கையால் ஒரு நீவு. சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டிக் கொடுத்தாள். கையில் இன்னும் கொஞ்சம் ஈரம்.

அந்த உள்ளங்கை நீவல் எனக்குப் பிடிக்கும். செய்தித்தாள், துண்டு, என் சட்டைக் காலர், எல்லாவற்றுக்கும் உண்டு. அவளிடம் சொன்னதில்லை.

8-4-1974, திங்கள்

சேப்பாக்கம். மதியம் டிபார்ட்மெண்டில் யாருமில்லை. உறைகளைப் பிரித்தேன்.

உண்மையான அன்புக்குச் சொற்கள் தேவையில்லை. இது நானே சேர்த்த வாசகம், புரொபசர் பாராட்டினார். நான்: ஐந்து. அவள்: ஒன்று.

உங்கள் இல்லற வாழ்க்கை உங்களுக்கு நிறைவாக இருக்கிறதா? நான்: ஐந்து. அவள்: நான்கு. நான்கைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. அசட்டுத்தனமான சந்தோஷம்.

அப்புறம் பத்தொன்பது. சென்ற ஆண்டில் உங்களுக்கு நேர்ந்த பெரிய துன்பத்தை எப்படித் தாங்கிக்கொண்டீர்கள்?

நான்: இருவரும் சேர்ந்து.

அவள்: தனியாக.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே துன்பம். ஒரே வீடு. ஒரே பாய்.

கடைசியில் நான்கு வரி இடம் விட்டிருந்தோம்: வேறு ஏதாவது சொல்ல விரும்பினால். மற்ற நான்கு தம்பதிகளும் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். அவள் பென்சிலால் எழுதியிருந்தாள், அழித்து, மறுபடி எழுதி:

"கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்."

9-4-1974, செவ்வாய்

எங்கள் இரண்டு உறைகளையும் படிவக் கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். புரொபசரிடம் ஒரு தம்பதி குறைகிறது என்று சொன்னேன். வியாழன்வரை அவகாசம்.

பாரதி தோசை வார்த்தாள். எப்போதும்போல் முறுகலை எனக்குப் போட்டுவிட்டு, கல்லில் ஒட்டிப் பிய்ந்ததைத் தான் எடுத்துக்கொண்டாள். என்ன கேட்க வேண்டும் உனக்கு? வாய்வரை வந்தது. கேட்டால், படித்துவிட்டேன் என்று ஆகும்.

11-4-1974, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இனாயத் என்னோடு ஆய்வில் இருக்கிறவன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஜாகை, கல்யாணம் ஆகாதவன். "காதல் பத்தி நாமதான் மச்சி ஊரெல்லாம் கேக்கறோம். நம்மள ஒருத்தி கேக்க மாட்டேங்கறா" என்று தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. அவன்தான் அடையாற்றங்கரைக் குடிசைகளுக்குக் கூட்டிப்போனான். வேலு, தேவானை. வேலு லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். தேவானைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். எழுதத் தெரியாது, நாங்கள் கேட்டு எழுத வேண்டும். இனாயத் வேலுவை ஆற்றோரம் தள்ளிக்கொண்டு போனான். நான் குடிசை வாசலில்.

"இன்னா சார் கேக்குற? லவ்வா? இந்தாளையா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு அங்க?" ஆற்றோரத்திலிருந்து வேலு.

"உன்னியப் பத்திதான் கேக்குறாரு. மானத்த வாங்கிக்கினு இருக்கேன். நீ போ!"

பத்தொன்பதாவது கேள்வியைப் படித்தேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. போன வருஷம் அவர்கள் குடிசை தீப்பிடித்து எரிந்திருக்கிறது.

"தனியாவா? சேந்துதான் சார். நான் மார்ல அட்சிக்கினு அயுதேன். இது ஆத்துல தண்ணி மொண்டு மொண்டு ஊத்திக்கினே என்னியத் திட்டுது. ஏ, அயுவுறதுன்னா கொடத்த எடுத்துக்கினு அயுவுடின்னு. நானும் கொடத்த எடுத்துக்கினேன். அயுதுக்கினே ஊத்துனேன். வூடு போச்சு. ஆனா சண்ட செம சண்ட."

'சேர்ந்து' என்பதில் வட்டம் போட்டேன்.

"உனுக்குக் கொயந்த எத்தினி சார்?"

"இல்லை."

"இல்லன்னா? பொறக்கலியா, தங்கலியா?"

யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. வீட்டில் எல்லோரும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும்.

"தங்கலை."

"இன்னா கொயந்த?"

"பொண்ணு."

"எங்க வெச்சீங்க?"

சொன்னேன். ஆஸ்பத்திரி ஆயா வெள்ளைத்துணியில் சுற்றித் தந்தாள். சைக்கிள் ரிக்ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குப் போனேன். யாரையும் கூப்பிடவில்லை. சிறு குழந்தைகளை வைக்கும் சுவரோரம். மண் தள்ளும்போது முதலில் நான் தள்ள வேண்டும் என்றார்கள். தள்ளினேன். திரும்பும்போது எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் ராயப்பேட்டை வரை நடந்தேன். எல்லாம் சொன்னேன். கையில் படிவம், பென்சில்.

"அந்தம்மா போய்ப் பாத்துச்சா?"

"அவளுக்குத் தெரியாது."

"இன்னாது?"

"நான் சொல்லலை."

"இன்னா நைனா நீ, எங்கிட்ட சொல்ற" என்றாள் தேவானை. அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

பல்லாயிரம் பக்கம் படித்தவன் ஒரு குடிசை வாசலில் மூன்று நிமிடத்தில் ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். ஏழு மாதமாகப் பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொல்லவில்லை. அவளுக்குப் பாரம் வேண்டாம் என்று நினைத்தேன். நான் சுமப்பது அவளுக்குப் புரியும் என்றும் நினைத்தேன். எப்படிப் புரியும்? எதை வைத்து?

12-4-1974, வெள்ளி

சொல்லவில்லை.

14-4-1974, ஞாயிறு

வருஷப்பிறப்பு. தி. நகரில் மாமனார் வீட்டில் சாப்பாடு. வடை, பாயசம், எல்லோருக்கும் புதுத்துணி. மாமனார் டிக்கெட்டைக் காட்டினார். மே நாலாம் தேதி, எழும்பூர். போவதற்கு மட்டும்.

"வர்றதுக்கு அப்புறம் பாத்துக்கலாம் மாப்ள. அவசரமா என்ன?"

பாரதி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, அவளுக்குப் போக விருப்பம், தடுப்பது அநாகரிகம் என்று தோன்றியது. என் நாகரிகம் எனக்கே சலித்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான்கு போட்டவள். அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே லஸ் வரை அசையாமல் இருந்தேன்.

16-4-1974, செவ்வாய்

காலை ஐந்தரை. தெருப்பம்ப். குழாயில் தண்ணீர் வருவதில்லை. தெருவே குடத்தோடு நிற்கிறது. நான் அடித்தேன். அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடம் யோசித்து, நேரம் யோசித்து, வாக்கியம் யோசித்து ஐந்து நாள் போய்விட்டது. கை அடித்துக்கொண்டே இருக்கும்போது வாய் திறந்துவிட்டது.

"பொண்ணு."

நிமிர்ந்தாள்.

"செப்டம்பர்ல. நம்ம குழந்தை. பொண்ணு."

"தெரியும். ஆயா சொல்லிட்டா" என்றாள். தண்ணீர் குடத்தின் கழுத்துக்கு வந்திருந்தது. "நீங்க ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க. அவங்க எங்க போட்டாங்கன்னுதான் தெரியல."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. யாரும் ஒண்ணுமே சொல்லல. நானா நெனச்சிக்கிட்டேன்."

"நான் விடலை பாரதி. நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். மடியில வெச்சு. கிருஷ்ணாம்பேட்டைக்கு. என் கையால—"

"யோவ், கொடம் ரொம்பி வயியுது, நவுருய்யா!" பின்னாலிருந்து ஒரு குரல். "புருசன் பொண்டாட்டி பேசறதெல்லாம் வூட்ல வெச்சிக்கக் கூடாது?"

அவள் குடத்தைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன். வீடுவரை என் பின்னால் நடந்து வந்தாள். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏழு மாசம்" என்றாள். "ஏழு மாசமா நாய் இழுத்துட்டுப் போற மாதிரி கனவு காணறேன். நீங்க பக்கத்துல புஸ்தகம் படிச்சிட்டு இருக்கீங்க."

உறையைப் பிரித்ததையும் சொன்னேன். எல்லாம் ஒரே நாளில் போகட்டும் என்று.

"அதையும் படிச்சிட்டீங்களா?" என்றாள். முறத்தை எடுத்துக் கீழே எறிந்தாள். அரிசி இல்லாத முறம். சத்தம் மட்டும்.

17-4-1974, புதன்

பேசவில்லை. இது பழைய மௌனம் இல்லை. பாத்திரமெல்லாம் பேசுகிறது.

18-4-1974, வியாழன்

முறுகல் தோசை அவள் தட்டில். எனக்குக் கல்லில் ஒட்டிப் பிய்ந்தது. ருசியாகத்தான் இருந்தது.

19-4-1974, வெள்ளி

"ஞாயித்துக்கெழம என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

"பொம்பளைங்க அங்கெல்லாம் வர்ற வழக்கமில்லையே. உங்க அப்பா…"

"அப்பாவைக் கேட்டனா? உங்களத்தான் கேக்கறேன்." கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கேக்கறேன். கேட்டது கேக்குதா?"

கேட்டது.

21-4-1974, ஞாயிறு

போனோம். அவள் ஒரு சின்னத் தூக்கில் பால் எடுத்து வந்தாள். ரிக்ஷாவில் தூக்கு என் மடியில் இருந்தது. எடையே இல்லை. அன்றும் அப்படித்தான் இருந்தது. அதையும் அவளிடம் சொன்னேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் வெட்டியான் தங்கவேல் தடுத்தார். "லேடீஸ் எதுக்கு சார்?"

"என் குழந்தைய பாக்கணும்" என்றாள் பாரதி. அவர் ஒதுங்கினார்.

சுவரோரம் ஒரு பூவரசு இருந்தது, அதன் பக்கத்தில் என்று நினைவு. மரம் இல்லை. போன மழையில் விழுந்து, வெட்டி எடுத்துவிட்டார்களாம். சுவர் நெடுக சின்னச் சின்ன மேடுகள். சில புதிது. எதிலும் அடையாளம் இல்லை. தங்கவேலைக் கேட்டேன்.

"வாரத்துக்கு எத்தினி வருது சார். இன்னான்னு நெனப்பு வெச்சிக்கிறது? கோச்சிக்காத."

பாரதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு மேட்டைக் காட்டியிருக்கலாம். விரல் பாதி தூரம் நீண்டும் விட்டது. அவளுக்கு நிம்மதியாக இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை, எனக்குத் தெரிந்தால் போதும். இந்தக் குரலை எனக்கு இப்போது அடையாளம் தெரிகிறது.

"சரியாத் தெரியலை பாரதி. இந்த வரிசைதான். எதுன்னு தெரியலை."

என் வாய் கோணிக்கொண்டு போயிற்று. செப்டம்பரில் வராதது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என்னைத் தேற்றவில்லை. தூக்கின் மூடியைத் திறந்தாள். வரிசையின் ஆரம்பத்துக்குப் போய், முதல் மேட்டின் தலைமாட்டில் ஒரு துளி ஊற்றினாள். அடுத்ததில் ஒரு துளி. அதற்கடுத்ததில். குனிந்து, நிமிர்ந்து, அவசரமில்லாமல். பாதியில் திரும்பிப் பார்த்து, "அங்கயே நிக்காதீங்க. இதப் புடிங்க" என்றாள். தூக்கை நான் பிடித்துக்கொண்டேன். அவள் கையில் எடுத்து எடுத்து விட்டாள். கடைசி மேடுவரை பால் வந்தது.

வெளியே வந்து குழாயடியில் கால் கழுவும்போது அழுதாள். நானும். தங்கவேல் சொம்பை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

25-4-1974, வியாழன்

கேள்விகள். காலையிலிருந்து கேள்விகள். தலைமுடி இருந்ததா? யார் ஜாடை? அன்றைக்கு மதியம் சாப்பிட்டீர்களா? எங்கே? என்ன? சில கேள்வி மறுபடி மறுபடி. நான் பதில் சொல்கிறேன். முடி இருந்தது. நிறைய. நெற்றி அவளுடையது.

நானும் ஒன்று கேட்டேன். நான்கு ஏன் போட்டாய்?

"ஏன், கம்மியா?"

"ஜாஸ்தி."

யோசித்தாள். "கோவம் ஒரு பக்கம். அதுக்காக இது இல்லன்னு ஆயிருமா? நீங்க அன்னிக்குக் கையப் புடிச்சிட்டே இருந்தீங்க, விடவே இல்ல. அதுக்கு ஒரு மார்க்கு போட வேணாமா?" என்றாள்.

இதை எந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

1-5-1974, புதன்

அப்பாவிடம் அவளே சொல்லிவிட்டாள். பத்து நாள். திரும்புவதற்கும் டிக்கெட் எடுங்கள் என்று. மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சண்டையா மாப்ள?" என்றார். ஆமாம் மாமா என்றேன். "நல்லது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். போகும்போது திரைத்துணியைத் தேய்த்துப் பார்க்க மறக்கவில்லை.

4-5-1974, சனி

எழும்பூர். வண்டி கிளம்ப இன்னும் ஏழு நிமிடம். மாமனார் மேல் பலகையில் பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பாரதி ஜன்னல் கம்பிக்குள்ளே, நான் வெளியே.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு."

"நீங்க பேரு ஏதாவது நெனச்சு வெச்சிருந்தீங்களா?"

"நீ?"

"வடிவு. முழுசா முத்துவடிவு. கூப்பிட வடிவு. நீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. நோட்டில்கூட எழுதவில்லை.

"மௌனா."

"என்னது?"

"மௌனா. மௌனம்கிறதுலேர்ந்து."

கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. சிரிப்பு. கண்ணில் தண்ணீரும் வந்தது, ஆனால் சிரிப்பு. "என் வயித்துல பொறக்கறதுக்கு மௌனாவா? பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஆஜர் எடுத்தா என்ன சொல்லும் அது?"

"என்ன மாப்ள, என்னவாம்?" மேலிருந்து மாமனார்.

"ஒண்ணும் இல்லப்பா. இவங்களுக்குப் பேரு வைக்கத் தெரியல."

வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன், பிறகு கொஞ்சம் ஓடினேன். பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஓடினேன். அவள் முகத்தைக் கம்பியில் வைத்து அழுத்திக்கொண்டு, அத்தனை சத்தத்துக்கும் மேலே கத்தினாள்:

"வேற பேரா யோசிச்சு வைங்க!"

யோசிக்கப் பத்து நாள் இருக்கிறது.